தேங்கிய தாளும் தெளிந்த கணக்கும்



துவரம் பருப்பில் வண்டு விழுந்தால் மளிகைக் கடைக்காரருக்கு அன்றே தெரிந்துவிடும். எண்ணெய் காறினால் மூக்கு சொல்லும். வெல்லம் கசிந்தால் சாக்கு நனையும். ஆனால் தாளுக்கு வாசனை வராது. நான்கு ஆண்டுகள் முடங்கிக் கிடந்த கிளேஸ் பேப்பர் கட்டும், நேற்று வந்து இறங்கிய கட்டும் மேலே சுற்றிய உறையோடு பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் காகிதக் கைவேலைச் சரக்கு வைத்திருப்பவர்கள் கெட்டுப்போன சரக்கோடு ஆண்டுக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறோம். எங்கள் கடையில் நடந்ததையும், அதிலிருந்து நாங்கள் கற்றதையும் இங்கே சொல்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு அருகில் கடை வைத்து, உப்பு புளியோடு ஒரு தட்டில் சார்ட் பேப்பரும் கோந்தும் வைத்திருக்கும் சிறு வியாபாரிகளுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறோம்.

அறை நிறைந்த கதை

எங்கள் தகப்பனார் காலத்தில் மொத்தத்தில் விற்றது வெள்ளைத் தாள், பழுப்புத் தாள், பட்டத் தாள், கோந்து, நூல்கண்டு, இவ்வளவுதான். பிறகு பள்ளிகளில் கைவேலை பெருகியது. கிளேஸ், மார்பிள், வெல்வெட், கிரேப், ஜிகினா என்று தாளிலேயே பல வகைகள் வந்தன. காகிதப் பூவுக்குக் கம்பியும் பச்சை டேப்பும் வந்தன. குவில்லிங் என்று மெல்லிய தாள் பட்டைகளைச் சுருட்டிக் கம்மலும் வாழ்த்து அட்டையும் செய்யும் வேலை பரவியபோது, நாங்களும் பெட்டி பெட்டியாக வாங்கினோம். வாங்கியதெல்லாம் கடைக்கு மேலே உள்ள அறைக்குப் போயிற்று.

2020 ஜூன் பள்ளித் திறப்புக்கு வேண்டிய சரக்கை வழக்கம்போல் ஆண்டுத் தொடக்கத்திலேயே கொள்முதல் செய்தோம். மார்ச்சில் ஊரடங்கு வந்தது. நம் மாநிலத்தில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். கைவேலைத் தாள் வாங்குவதே அந்த வகுப்புப் பிள்ளைகள்தான். ஒன்றரைப் பருவத்துச் சரக்கு அப்படியே நின்றது. பள்ளி திறந்ததும் போய்விடும் என்று பேசாமல் இருந்தோம். திறந்தபோது புதுச்சரக்கும் வாங்கினோம், பழையதை உள்ளே தள்ளிவிட்டு அதன் முன்னே அடுக்கினோம். அறை போதாமல் தெருக்கோடியில் ஒரு கொட்டகையையும் வாடகைக்குப் பிடித்தோம்.

தவறு அங்கேதான் நடந்தது. கொரோனா யார் கையிலும் இல்லை. ஆனால் பழையதையும் புதியதையும் கலந்து அடுக்கியது எங்கள் கைதான்.

கோந்துப் பெட்டி

2024 ஆயுத பூஜைக்கு முன்னால் எங்கள் மகன் பிடிவாதமாக நின்று அறையைக் காலி செய்ய வைத்தார். கீழ்வரிசையில் ஒரு கோந்துப் பெட்டி அகப்பட்டது. பாட்டிலைக் கவிழ்த்தால் கோந்து இறங்கவில்லை, ரப்பர் போல உறைந்திருந்தது. பெட்டியின் அடியில் தயாரிப்பு மாதம் 2020 என்று அச்சிட்டுத்தான் இருந்தது. அதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. கணக்குப்பிள்ளை சற்று யோசித்துவிட்டு, இதே வரிசையில் இருந்து ஆறு டஜன் போன வருடம் போயிருக்கிறதே என்றார். பில் புத்தகத்தைப் புரட்டினால், 2023 ஜூனில் ஒரு பள்ளிக்கூட வாசலில் கடை நடத்தும் அம்மையார் பெயருக்கு இருந்தது.

இருபது வருடத்துக்கு மேல் எங்களிடமே வாங்கியவர் அவர். ஒருநாளும் பாக்கி வைத்ததில்லை. அந்தக் கோந்துக்கும் முழுப் பணம் கட்டியிருந்தார். அதற்குப் பிறகு அவர் பெயரில் ஒரு பில் கூட இல்லை. வயதாகிவிட்டது, கடையைக் குறைத்துக்கொண்டார் போலிருக்கிறது என்று எண்ணியிருந்தோம்.

மறுநாள் அவர் கடைக்குப் போனோம். கடை நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்ததும், பெற்றோர் சிலர் கடை வாசலில் நின்று சத்தம் போட்டதும், அவர் எல்லோருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்ததும் அப்போதுதான் தெரிந்தது. "ஏம்மா, அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டோம். "பழகின இடத்துல போய் எப்படி அண்ணாச்சி சண்டை போடுறது? அதான் பேசாம வேற கடைக்கு மாறிட்டேன்" என்றார்.

ஆறு டஜனுக்கான பணத்தைக் கொடுத்தோம். வேண்டாம் என்று வெகுநேரம் மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார். இப்போது சார்ட் பேப்பருக்கு வருகிறார். கோந்து இன்னும் வேறு இடத்தில்தான் வாங்குகிறார். அதில் அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை.

வணிகர்களே, தேங்கிய சரக்கு பணத்தை முடக்கும் என்பது நமக்கெல்லாம் தெரியும். அது வாடிக்கையாளரைச் சத்தமில்லாமல் வெளியே அனுப்பும் என்பதை நாங்கள் அன்றுதான் உணர்ந்தோம். சண்டை போடுகிறவர் நமக்கு நன்மை செய்கிறார். சொல்லாமல் போகிறவரைத்தான் நாம் கணக்கில் காண முடிவதில்லை.

வைத்திருப்பதற்கு ஆகும் செலவு

"ஒரு நாளைக்கு ஆகும்" என்று வைத்திருப்பது நம் பழக்கம். அதற்கும் விலை உண்டு. 10,000 ரூபாய்ச் சரக்கு ஒன்று முடங்கிக் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி போட்டாலும் மாதம் 100, ஆண்டுக்கு 1,200, நான்கு ஆண்டில் 4,800 ரூபாய் ஆகிறது. இடத்து வாடகை தனி. இவ்வளவும் போன பிறகு கையில் இருப்பது நிறம் மங்கிய தாள்.

அதே சரக்கை முதலிலேயே பாதி விலைக்குத் தள்ளியிருந்தால் 5,000 கையில் வந்திருக்கும். அதை ஓடும் சரக்கில் போட்டு, ஆண்டுக்கு 6 சுற்று புரட்டி, ஒரு சுற்றுக்கு நூற்றுக்கு 4 ரூபாய் நின்றால் ஆண்டுக்கு 1,200. நான்கு ஆண்டில் 4,800. விட்ட 5,000 ஏறக்குறைய திரும்பி வந்துவிடுகிறது, முதலும் கையில் இருக்கிறது. முதல் நஷ்டமே குறைந்த நஷ்டம்.

தாள் ஏன் கெடுகிறது?

தாளுக்கு எதிரி நான்கு: வெளிச்சம், ஈரம், பூச்சி, காலம்.

வெயில் படும் ஜன்னலருகே வைத்த வண்ணத் தாள் ஓரத்தில் இருந்து வெளுக்கும். கட்டின் நடுவில் இருந்து ஒரு தாளை உருவி, மேல் தாளோடு சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மரக்கூழை முழுதும் சுத்திகரிக்காமல் செய்த மலிவுத் தாளில் லிக்னின் என்ற பொருள் தங்கியிருக்கும். அது காற்றும் வெளிச்சமும் பட்டு மஞ்சளாகும், தாளும் நொறுங்கும். பழைய செய்தித்தாள் பழுப்பாவது இதனால்தான். மூலையை மடித்து, எதிர்ப்பக்கமும் மடித்துப் பாருங்கள். உடைந்தால் அது கைவேலைக்கு ஆகாது.

மழைக்காலத்து ஈரம் பட்டால் சார்ட் அலை அலையாக நெளியும். கிரேப் பேப்பரின் சுருக்கம் விட்டுப்போகும், இழுத்தால் நீளாது, பூ நிற்காது. பசை தடவிய ஸ்டிக்கர் தாளும் இரட்டைப் பக்க டேப்பும் நாள்பட்டால் பிடிப்பு இழக்கும். வெள்ளிப் பூச்சிக்குப் பசையும் மாவும் நல்ல தீனி, ஆகவே ஒட்டுப்போட்ட அட்டையைத்தான் முதலில் அரிக்கும். கரையான் தரை வழியாகவும் சுவர் வழியாகவும் வரும். கட்டைத் தரையில் போடாமல், சுவரில் சாய்க்காமல் இருந்தாலே பாதித் தொல்லை குறையும்.

எப்படிப் பிரித்தோம்?

அறை முழுவதையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். கடையும் நடக்க வேண்டும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் அலமாரி என்று எடுத்தோம். ஒவ்வொரு பொருளையும் பிரித்துப் பார்த்து ஐந்து குவியலாக வைத்தோம்.

முதல் குவியல், குறையில்லாத சரக்கு. இது அலமாரிக்குத் திரும்பும்.

இரண்டாவது, பொருள் நன்றாக இருந்தும் ஓடாதது. வண்ணத் தாள் வியாபாரத்தில் இதற்குக் காரணம் பெரும்பாலும் கலப்புக் கட்டுதான். கட்டில் எல்லா நிறமும் வரும். எங்கள் அனுபவத்தில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் பறக்கும், பழுப்பும் ஊதாவும் தங்கும். ஆண்டுக்கு ஆண்டு அந்த இரண்டு நிறமும் மலையாகக் குவியும். நாங்கள் தங்கிய நிறத்தோடு ஓடும் நிறத்தைச் சேர்த்துச் சிறு கட்டாகப் போட்டு, விலை குறைத்துச் சிறு கடைகளுக்குக் கொடுத்தோம். வாங்குகிறவரிடம் இது பழைய கொள்முதல் என்று சொல்லியே கொடுத்தோம். சொல்லிக் கொடுத்ததில் யாரும் மறுக்கவில்லை.

மூன்றாவது, விலைக்கு ஆகாதது, ஆனால் பயனுள்ளது. ஓரம் வெளுத்த தாள், ஒடுங்கிய பெட்டியில் வந்த கத்தரிக்கோல், எண்ணிக்கை குறைந்த கட்டு. இவற்றைப் பக்கத்து அங்கன்வாடிக்கும் தொடக்கப் பள்ளிக்கும் கொடுத்தோம். அங்கே ஓரத்தை வெட்டிவிட்டுப் பயன்படுத்திக்கொள்வார்கள். கெட்ட கோந்தையும் காய்ந்த ஸ்கெட்ச் பேனாவையும் தானம் என்ற பெயரில் தள்ளுவது முறையல்ல.

நான்காவது, கழிவு. வெறும் தாளும் அட்டையும் பழைய பேப்பர் கடைக்குப் போகும், அங்கிருந்து ஆலைக்குப் போய் மீண்டும் அட்டையாகும். ஜிகினா ஒட்டியது, பிளாஸ்டிக் படலம் பூசியது, ஸ்டிக்கர் ஆகியவற்றைத் தனியே பிரித்துவிட வேண்டும். அவை கூழோடு சேர்ந்தால் ஆலைக்குத் தொல்லை.

ஐந்தாவது குவியலுக்குக் கவனம் தேவை. அது சட்டம் தடுத்த சரக்கு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கொடி, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, காகிதக் கப் முதலியவற்றுக்குத் தடை வந்தது. மத்திய அரசின் விதிப்படி 2022 ஜூலை 1 முதல் அலங்காரத்துக்கான தெர்மாகோல், பலூன் பிளாஸ்டிக் குச்சி, பிளாஸ்டிக் கொடி, அழைப்பிதழைச் சுற்றும் பிளாஸ்டிக் படலம் ஆகியவற்றை விற்கக் கூடாது என்பது மட்டுமல்ல, இருப்பு வைப்பதும் கூடாது. மூலையில் மறந்து கிடந்தது என்று சொன்னால் சோதனைக்கு வரும் அதிகாரி ஏற்க மாட்டார். எங்கள் கொட்டகையில் இரண்டு மூட்டை தெர்மாகோல் இருந்தது. ஆள் வந்து பார்க்கும் முன் நாங்களே பார்த்துக்கொண்டது நல்லதாயிற்று. இவற்றை எங்கே ஒப்படைப்பது என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

சுதந்திர தினத்துக்கு வாங்கி மிஞ்சிய காகிதத் தேசியக் கொடி இருந்தால் அதைப் பழைய பேப்பரோடு போடாதீர்கள். கொடியைத் தரையில் எறியக் கூடாது, அதன் கண்ணியம் கெடாதபடி தனிமையில் அப்புறப்படுத்த வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு இந்தியக் கொடிச் சட்டத் தொகுப்பு சொல்லும் முறை. நல்ல நிலையில் இருந்தால் அடுத்த ஆண்டுக்குப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

எண்ணுவதற்குத் தராசு

பிரித்துக் கிடக்கும் தாளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. தராசு நம் எல்லோர் கடையிலும் இருக்கிறது. ஒரே வகைத் தாளில் பத்தை எடுத்து நிறுங்கள். பத்து சார்ட் 600 கிராம், குவியல் 24 கிலோ என்றால், குவியலில் 400 சார்ட். 70 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் 500 கொண்ட ரீம் உறை நீங்கலாகச் சுமார் 2 கிலோ 180 கிராம் இருக்கும். அதற்குக் குறைந்தால் தாள் குறைகிறது, அல்லது தாள் மெலிது. பழைய கணக்கில் குயருக்கு 24 தாள், 20 குயர் சேர்ந்த ரீமுக்கு 480 தாள். இப்போது ரீம் என்றால் 500. மிகப் பழைய கட்டு கையில் இருந்தால் இதையும் நினைவில் வையுங்கள்.

கணக்கில் செய்ய வேண்டியது

அறையைக் காலி செய்தால் போதாது, ஏட்டிலும் காலி செய்ய வேண்டும். ஆண்டு முடிவு இருப்பை, கொள்முதல் விலை அல்லது விற்றால் கிடைக்கும் விலை, இவற்றில் எது குறைவோ அதில் மதிப்பிடுவதே முறை. மங்கிய தாளை வாங்கிய விலைக்கே ஆண்டுதோறும் எழுதிவந்தால் இல்லாத சொத்தை ஏட்டில் சுமக்கிறோம்.

ஜி.எஸ்.டி.யில் ஒரு நுணுக்கம் உண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17(5) பிரிவின்படி, தொலைந்த, திருடுபோன, அழிந்த, கணக்கில் இருந்து நீக்கிய சரக்குக்கும், அன்பளிப்பாகவோ இலவச மாதிரியாகவோ கொடுத்த சரக்குக்கும் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஏற்கெனவே எடுத்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். பள்ளிக்குக் கொடுத்த தாளுக்கும் இது பொருந்தும். காம்போசிஷன் முறையில் இருப்பவர்கள் உள்ளீட்டு வரவு எடுப்பதில்லை, ஆதலால் அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எதைக் கழித்தோம், எதைக் கொடுத்தோம், எவ்வளவு என்று தேதியிட்டு ஒரு பட்டியல் எழுதி, உங்கள் ஆடிட்டரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

அறையில் பழைய பில் புத்தகங்களும் இருக்கும். அவற்றை அவசரப்பட்டு எடைக்குப் போடாதீர்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியில் இருந்து 72 மாதங்கள் கணக்கேடுகளைக் காக்க வேண்டும். வழக்கு நிலுவையில் இருந்தால் இன்னும் கூடுதலாகும். அந்த அம்மையாரை நாங்கள் கண்டுபிடித்ததும் பில் புத்தகத்தால்தான்.

திரும்பவும் நிறையாமல் இருக்க

இப்போது எங்கள் அறையில் சில கட்டுப்பாடுகள் இருக்கின்றன.

பெட்டி வந்து இறங்கியதும் அதன் நெற்றியில் மாதமும் ஆண்டும் கொட்டை எழுத்தில் எழுதுகிறோம். எழுதாத பெட்டி மாடி ஏறாது.

புதியது பின்னால், பழையது முன்னால். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். மளிகையில் நீங்கள் அரிசிக்கும் பருப்புக்கும் செய்வதுதான் இது. தாளுக்கும் செய்ய வேண்டும் என்று எங்களுக்குத்தான் தோன்றவில்லை.

பலகை போட்டு, தரையில் இருந்து அரை அடி உயர்த்தி, சுவரை விட்டு ஒரு கை நுழையும்படி அடுக்குகிறோம். ஜன்னலுக்குத் திரை போட்டோம். மின்சாரப் பெட்டியின் அருகே தாள் வைப்பதே இல்லை. தாள் அறையில் தீப்பொறி விழுந்தால் கணக்குப் பார்க்க எதுவும் மிஞ்சாது.

ஒவ்வொரு பொருளிலும் ஒன்றைப் பலகையில் ஒட்டி, அலமாரி எண்ணையும் எழுதிக் கடையில் மாட்டியிருக்கிறோம். முன்பு பச்சை டேப் இல்லை என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பினோம். காலி செய்தபோது மூன்று பெட்டி அடியில் இருந்து வந்தது. இருப்பது தெரியாவிட்டால் அது இல்லாததற்குச் சமம்.

கோந்து, டேப், ஸ்டிக்கர், பேனா ஆகிய உலரும் சரக்கை ஒரு பருவத்துக்கு மேல் வாங்குவதில்லை. கூடுதல் தள்ளுபடி தருகிறோம் என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னாலும் அறையைப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் எழுதுகிறோம்.

ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் இருப்பெடுப்பின்போதும் ஆயுத பூஜைக்கு முன்பும், ஒவ்வொரு பெட்டியையும் கையால் தொட்டுப் பார்க்கிறோம். ஆயுத பூஜைக்குக் கடை கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பது நம் மரபு. மாடி அறைக்கு நாங்கள் பல ஆண்டுகள் கதவுக்கு வெளியில்தான் பொட்டு வைத்தோம். இப்போது உள்ளே போய் வைக்கிறோம்.

சிறு கடைக்காரர்களுக்கு

உங்கள் கடையில் இது ஓர் அறையாக இருக்காது, ஒரு தட்டாகத்தான் இருக்கும். வேலையும் அரை மணி நேரம்தான். கோந்துப் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். ஸ்டிக்கரில் ஒன்றைக் கிழித்து ஒட்டிப் பாருங்கள். சார்ட் சுருளைப் பிரித்து ஓரத்தைப் பாருங்கள். ஜூனில் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது பார்க்க நேரமிருக்காது, மே மாதத்திலேயே பார்த்துவிடுங்கள்.

மொத்த வியாபாரியிடம் வாங்கும்போது பெட்டியின் தேதியைக் கேளுங்கள். பழக்கத்தைப் பார்த்துத் தயங்காதீர்கள். கெட்டது வந்தால் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வையுங்கள், இரண்டு வார்த்தை கடிந்தும் சொல்லுங்கள். பேசாமல் கடையை மாற்றிக்கொள்ளாதீர்கள். உங்கள் கோபத்தை எங்களால் தாங்க முடியும். நீங்கள் ஏன் வரவில்லை என்று தெரியாமல் ஓர் ஆண்டு கடை நடத்தியதைத்தான் தாங்க முடியவில்லை.